சட்டை மாட்ட ஓர் ஆணி வேண்டும்

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் ஜங்ஷனிலும் அலுவலகம் நடத்தும் மேலாளர்களுக்கும் முதலாளிமார்களுக்கும்,

வணக்கம். அலுவலகத்தில் உடை மாற்ற ஓர் இடம் கேட்டுத்தான் இந்த மடல். ஆள் பாதி, ஆடை பாதி என்று நீங்கள் சொல்வதை நாங்கள் மறுக்கவில்லை. கடன் கேட்டு வருகிறவரும் கார் வாங்க வருகிறவரும் எதிரே கசங்கிய சட்டையைப் பார்க்கக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் அந்த ஆடைப் பாதி வீரவநல்லூரிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் இருசக்கர வண்டியில் எப்படி வந்து சேருகிறது என்று எப்போதாவது விசாரித்திருக்கிறீர்களா?

வீரவநல்லூர்க்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். சேரன்மகாதேவி, பத்தமடை, மேலச்செவல், முன்னீர்பள்ளம் என்று ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கார், பிசானம் என்ற இரண்டு போக நெல்லும் அறுவடையாகும் நாட்களில், முன்னால் போகும் வைக்கோல் லாரி வழிநெடுகத் துரும்பைத் தூவிக்கொண்டே போகும். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து சாரல் வந்து நனைக்கும். நாலு மைல் தள்ளி வெயில் காய்ச்சும். 

பருத்தித் துணிக்குச் சூடு, ஈரம், அழுத்தம் மூன்றும் சேர்ந்து கிடைத்தால் இழைகள் இளகி, எந்த நிலையில் காய்கின்றனவோ அந்த நிலையிலேயே நின்றுவிடும். இஸ்திரிப் பெட்டியின் சூட்சுமம் இதுதான். முதுகில் பையை மாட்டி வண்டி ஓட்டுகிறவருக்கும் இதே மூன்றும் வாய்க்கின்றன. உடம்புச் சூடு, வியர்வை, பையின் பாரம். தெருமுனையில் காசு கொடுத்துத் தேய்த்த சட்டையை முதுகு கோணல்மாணலாக மறுபடி தேய்த்துவிடுகிறது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் அலுவலக உடையைப் போட்டுக்கொண்டு வருவதையே விட்டுவிட்டார்கள். பழைய பனியனில் வருவது, வந்து மாற்றிக்கொள்வது.

அப்படிக் கொண்டுவருவதற்கும் கைப்பக்குவம் வேண்டும். தேய்த்த சூடு ஆறுவதற்குள் மடிக்கக் கூடாது. மடித்த இடம் அப்படியே பதிந்துவிடும். பேன்டை நீளவாக்கில் விரித்து, பாதியை மேசைக்கு வெளியே தொங்கவிட வேண்டும். பித்தான் போட்ட சட்டையை அதன்மேல் குப்புறக் கிடத்தி, கைகளை உள்ளே மடக்கி, சலவைக் கடையில் கொடுக்கும் பாலிதீன் உறையை மேலே பரப்பி, தொங்கும் பேன்ட் கால்களை அதன்மேல் மடித்துப் போட வேண்டும். உறை இருந்தால் துணி துணிமேல் வழுக்கும். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுருங்காது. பெல்ட்டைச் சுருட்டிக் காலருக்குள் வைத்தால் காலர் நசுங்குவதில்லை. பிறகு எல்லாம் அட்டை வைத்த தட்டைப் பைக்குள் போய், பின் இருக்கையில் கொக்கி வைத்த ரப்பர் கயிற்றால் படுக்கைவசமாகக் கட்டப்படும். பக்கவாட்டில் தொங்கவிட்டால் சைலன்சர் சூட்டில் பாலியெஸ்டர் உருகிவிடும் அபாயம் உண்டு. ஷூவை மட்டும் யாரும் சுமப்பதில்லை. அது மேசைக்கு அடியிலேயே குடியிருக்கிறது. நீங்களும் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறீர்கள், நன்றி.

இவ்வளவையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். காரியம் கெடுவது உங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான். உடை மாற்றக் கழிவறையை விட்டால் வேறு இடமில்லை. தரையெல்லாம் தண்ணீர், கதவில் ஆணி கிடையாது. சட்டையைத் தோளில் போட்டு, பேன்டின் ஒரு கால் ஈரத்தில் படாமல் பல்லில் கடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தள்ளாடும் உதவி மேலாளரை நீங்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் காலைக் கூட்டத்தில் சட்டைக் கசங்கலைப் பற்றி வாய் திறக்க மாட்டீர்கள். (அக்னி நட்சத்திர வெயிலில் டை எதற்கு என்பது தனி மடலுக்குரிய விஷயம்.)

பெண்களின் பாடு இன்னும் மோசம். கஞ்சி போட்ட பருத்திச் சேலையோடு ஸ்கூட்டர் ஓட்டினால் அலுவலகம் வருவதற்குள் கொசுவம் நைந்துபோகும். சுரிதாரில் வந்து சேலை கட்டலாமென்றால், கட்டுவதற்குக் காய்ந்த தரையும் ஆளுயரக் கண்ணாடியும் வேண்டும். பின்னால் உட்காருகிறவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லிவிட்டன. வண்டியை விட்டு இறங்கிய பிறகு அந்தச் சேலையைப் பற்றி யோசிக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

இது ஒன்றும் புதுமையான கோரிக்கை இல்லை. வேலை நேரத்தில் அணியாத துணிகளை வைக்கவும் நனைந்த துணிகளை உலர்த்தவும் இடம் தரும்படி விதி செய்ய 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 43ஆவது பிரிவிலேயே மாநில அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்தது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. எங்களுக்குச் சட்டம்கூட வேண்டாம். நீங்கள் மனம் வைத்தால் போதும்.

பஸ்ஸில் வரலாமே என்பீர்கள். கணக்கு முடித்து இரவு நீங்கள் எங்களை விடும் நேரத்துக்கு, பஸ் நிறுத்தத்திலிருந்து ஊருக்குள் போக நடைதான் மிச்சம். காலை நெரிசலில் படியோரம் நசுங்கி வந்தால் சட்டையின் கதி என்ன என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும் அறையில் ஆறடிக்கு நாலடி மூலை, அதற்கொரு திரை, பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள தனி இடம், ஒரு கம்பி, சில ஹேங்கர்கள், ஒரு கண்ணாடி. விரல்ரேகை வைத்த பிறகு உடை மாற்றப் பத்து நிமிடம். செலவு கணக்கில் இடிக்கிறதென்றால் கம்பியையும் ஹேங்கரையும் நாங்களே வாங்கி வருகிறோம். சுவரில் துளை போட அனுமதி மட்டும் கொடுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கொடுத்தால், சொட்டும் மழைக்கோட்டுகளை உங்கள் வரவேற்பறை நாற்காலிகளில் விரிக்காமல் அங்கேயே மாட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
சேரன்மகாதேவி சாலையில் தினமும் வண்டியில் வரும் ஓர் ஊழியன்