மாத்திரையோடு ஒரு கேள்வியும் வீட்டுக்குப் போகட்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலர் அவர்களுக்கும் வணக்கம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர், சுகர் மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவந்தது. பஸ் பிடித்து, ஓ.பி. சீட்டு போட்டு, ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நின்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது மருந்து கொடுக்கும் சன்னலுக்கு உள்ளே இருக்கும் மருந்தாளுநர்களான எங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மற்ற மாத்திரைகளைப் பற்றித்தான் இந்த மடல்.

பிரஷருக்கு எனலாப்ரில் அல்லது லோசார்டன் சாப்பிடுகிறார் ஒருவர். கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் உண்டு. மூட்டுவலி வந்ததும் தெருமுனை மருந்துக்கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் வரும் குழாயை விரித்து வைத்திருக்கும் சுரப்பை வலி மாத்திரை தடுக்கிறது. வெளியேறும் குழாயைப் பிரஷர் மாத்திரை தளர்த்துகிறது. நீர் மாத்திரையோ உடம்பில் இருக்கும் திரவத்தைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தம் வெகுவாகக் குறைந்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறலாம். சித்திரை வெயிலிலோ வயிற்றுப்போக்கின்போதோ சில நாட்களிலேயே சிறுநீரகம் படுத்துவிடலாம். இத்தனைக்கும் பாரசிட்டமாலும் மேலே தடவும் ஜெல்லும் போதுமான வலிதான் பலருக்கு. ஆனால் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலருக்கு வலி மாத்திரை கண்ணில் படுவதில்லை. கடைக்காரருக்கு பிரஷர் மாத்திரை தெரிவதில்லை.

இதே பிரஷர் மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தையும் தேக்கிவைக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இளநீரால் கெடுதல் இல்லை. சிறுநீரகம் பழுதானவர் வெயிலுக்கு நல்லதென்று தினம் ஒன்று குடித்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். ‘குறைந்த சோடியம்’ என்று விற்கும் உப்பிலும் சோடியத்தின் இடத்தில் இருப்பது பொட்டாசியம்தான். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் அந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று சொல்லியிருக்கிறது. பிரஷர்காரர் உப்பைக் குறைக்க வேண்டும் என்று நாம் சொல்லப்போய், அவர் இதை வாங்கிவிடக் கூடாது. இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் இதற்கு நேர்மாறு. தினமும் எடுத்தால் பொட்டாசியத்தை இறக்கிப் பிரஷரை ஏற்றும். நாட்டு மருந்து என்பதால் அதை யாரும் கணக்கில் சொல்வதில்லை.

சுகர் மாத்திரைகளில் கவலை தருபவை கிளிமிபிரைடும் கிளிபென்கிளமைடும். இவற்றைச் சாப்பிடுபவருக்கு நீர்க்கடுப்புக்கு கோட்ரைமாக்சசோல் அல்லது சிப்ரோஃபிளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை எழுதிக் கொடுத்தால், வயதானவராக இருந்தால் ரத்தச் சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடலாம். விரதமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அவர் பிரஷருக்கு அட்டினலாலும் சாப்பிடுபவர் என்றால் படபடப்பு, நடுக்கம் என்ற எச்சரிக்கைகள் தெரியாமலே போகும். வியர்வை மட்டும் கொட்டும். அந்த நேரத்தில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும், 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும், நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதை வீட்டில் இருப்பவருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் 500 மில்லிகிராம் கால்சியம் இரு வேளையும் நாமேதான் கொடுக்கிறோம். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. தைராய்டு மாத்திரையும் உண்டென்றால் சிக்கல் கூடும். இரும்பு, கால்சியம் இரண்டும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளியிருக்க வேண்டும். ஆனாலும் ஒரு நாளுக்குள் எல்லாம் அடங்கிவிடும். காலை 5.30-க்கு வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை. 6.30-க்குக் காபி. 10.30-க்கு இரும்புச்சத்து மாத்திரை, அதையொட்டி டீயோ காபியோ கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கால்சியம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இன்னொன்று. மருந்துக் கவரில் நாங்கள் எழுதும் ‘1-0-1’ (காலை ஒன்று, இரவு ஒன்று) இதில் எதைச் சொல்லும்?

இதய வால்வு மாற்றி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களிடம் கீரையே கூடாது என்று சொல்லிவிடுகிறோம். அது தவறு. முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் அதற்கேற்ப மருந்தின் அளவை வைத்துக்கொள்ளலாம். கீரையைவிட அவர்கள் அதிகம் பயப்பட வேண்டியது வயிற்றுப்போக்குக்குக் கேட்டு வாங்கும் மெட்ரோனிடசோலுக்கு. ரத்தம் அளவுக்கு மீறி இளகி, ஈறில் கசிவோ கறுப்பு மலமோ வரலாம்.

நாங்கள் கேட்பது பெரிய செலவில்லை. மாத்திரை கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தன்னார்வலர் ஒரு கேள்வி கேட்கட்டும்: “இது போக வேற என்ன மாத்திரை, நாட்டு மருந்து, ஊசி எடுக்குறீங்க? எடுத்துட்டு வாங்க, பாக்குறேன்.” பார்த்ததை நோயாளியின் குறிப்பேட்டில் எழுதி, அன்றே ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநருக்குத் தெரிவித்தால் போதும். எதையும் நிறுத்தச் சொல்லும் பொறுப்பைத் தன்னார்வலர் தலையில் கட்டக் கூடாது. பிரஷர் மாத்திரையை நோயாளி தானாக நிறுத்துவது இன்னொரு ஆபத்து.

அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் ஒரு துண்டோடு போய்விடுகின்றன. மீதித் துண்டு பெயரில்லாத வெள்ளை மாத்திரை. கவரில் மருந்தின் பெயரையும், எதற்கு என்பதையும், எதோடு சேர்க்கக் கூடாது என்பதையும் தமிழில் அச்சிட வேண்டும். மருந்துக்கு மருந்தும், மருந்துக்கு உணவும் மோதுவதை நோயாளிக்கு விளக்குவது 2015-ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் விதிமுறைகளின்படி எங்கள் கடமை. சன்னலுக்கு வெளியே வரிசை நீளும்போது அதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஆகவே ஐந்து மாத்திரைக்கு மேல் சாப்பிடுபவர்களுக்கு மட்டுமாவது தனி மேசையும் நாற்காலியும் தாருங்கள்.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அந்தந்த நிலைய மருந்தாளுநரின் அலுவலகத் தொலைபேசி எண் இடம்பெற வேண்டும். அதுவரை 104 மருத்துவ உதவித் தொலைபேசிச் சேவையில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு மருந்தாளுநரை அமர்த்துங்கள்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைகளில் பணிபுரியும் மருந்தாளுநர்கள் சிலர்