நூறு நாள் வேலையும் நம் சங்கமும்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் நலச் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். படிப்பக ஓடு மாற்றியது, பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு, கண் சிகிச்சை முகாம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் அலைந்தது, தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டப்படி கிடைக்கும் நூறு நாள் வேலைக்காகத்தான். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திட்டம் குமரி மாவட்டத்துக்கு வந்தது 2008 ஏப்ரலில். நம் திருவட்டார் ஒன்றியப் பகுதியில் இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்களுக்கு ரப்பர் பால்வெட்டு, கொத்து வேலை, வெளிநாடு என்று இதைவிடக் கூலி கிடைக்கும் இடங்கள் உண்டு. அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) அடைத்துக் கிடக்கும் மாதங்களில் பெண்களுக்கு வேறு என்ன இருக்கிறது? 2024–25இல் கிடைத்த நாளுக்கு 319 ரூபாய் என்பது அவர்களுக்கு அரிசியும் மருந்தும் குழுக்கடன் தவணையும். "சும்மா இருந்து சம்பளம் வாங்குகிறார்கள்" என்று பேசுகிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. அவர்கள் சானல்கரைக்கு வந்து, பாசியும் சேறும் ஏறிக் கிடந்த மடைகளை இடுப்பளவு தண்ணீரில் நின்று இந்தப் பெண்கள் திறந்துவிட்டதைப் பார்க்க வேண்டும். கடைவரம்பு வயலுக்கு இந்த முறை தண்ணீர் வந்து சேர்ந்தது அதனால்தான்.

சரி, திட்டம் எப்படி நடக்கிறது? ஓராண்டு அனுபவத்தில் என் கருத்து இது: சட்டம் பலமானது, மனு கொடுத்ததற்குத் தேதி போட்ட சீட்டு கையில் இருக்கிறவருக்கு மட்டுமே அந்தப் பலம் கிடைக்கிறது. வேலை கேட்ட 15 நாளுக்குள் வேலை தர வேண்டும். தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமலும், அதன்பின் பாதிக்குக் குறையாமலும் வேலையில்லாப் படி தர வேண்டும். கூலியை மத்திய அரசு தருகிறது, இந்தப் படியை மாநில அரசு தர வேண்டும். 15 நாள் எந்தத் தேதியிலிருந்து என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி. ஊராட்சி அலுவலகத்தில் அதைக் கொடுக்கத் தயங்குவதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

ஜூன் மழையில் பால்வெட்டு நின்றபோது நம் உறுப்பினர்கள் வேலை கேட்டுப் போனார்கள். மனுவை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "வேலை திறந்தால் சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். சங்கம் தலையிட்டு, மனுவை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் தேதியும் முத்திரையும் வைத்துத் தரும்வரை அங்கேயே நின்றோம். உள்ளே போய்ப் பேசியது நம் அக்காமார்தான். நான் கூட நின்றேன், அவ்வளவே. கெடு முடிவதற்குள் அந்த வார்டுக்கு வேலை வந்தது. அதற்கு முன்பு வாய்மொழியாகக் கேட்டுக் காத்திருந்தவர்களுக்கு வேலையும் இல்லை, படியும் இல்லை.

வேலை கிடைத்த பிறகும் தொல்லை தீரவில்லை. கூலி வெட்டிய மண்ணின் அளவைப் பொறுத்தது. நம் பகுதியில் மேல்மண்ணுக்குக் கீழே வெட்டுக்கல், மம்மட்டி இறங்காது. ஐப்பசி மழையில் வெட்டிய குழி, ஓவர்சியர் அளக்க வருமுன் கரை இடிந்து பாதி மூடிவிட்டது. அளவு குறைந்தது, கூலியும் குறைந்தது. இது அநியாயம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. அப்புறம் அந்த போட்டோ. 2023 ஜனவரி முதல் தினமும் இருமுறை செயலியில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். ரப்பர் தோட்டச் சரிவில் டவர் கிடைக்காது. வயதான அம்மைமார் மதிய வெயிலில் மேட்டுக்கு ஏறி வந்து வரிசையாக நிற்கிறார்கள். ஏற முடியாதவருக்கு அன்றைக்கு அரை நாளே பதிவு. களவைத் தடுக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. அதன் பாரம் மூட்டுவலிக்காரர் தலையில் விழக் கூடாது.

இந்த ஆண்டின் பெரிய துயரம் கூலி பாக்கி. நவம்பர் கடைசியிலிருந்து செய்த வேலைக்குப் பணம் வரவில்லை. இது நம் ஊருக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. தமிழகம் முழுக்க 1,056 கோடி ரூபாய் நிலுவை என்று முதலமைச்சர் 2025 ஜனவரியில் பிரதமருக்கு எழுதினார். மார்ச்சில் அது 4,034 கோடி ஆனது. கிறிஸ்துமஸும் பொங்கலும் கடனில் போயின. தாமதமானால் 16ஆம் நாளிலிருந்து தினமும் 0.05 விழுக்காடு இழப்பீடு என்று சட்டம் சொல்கிறது. ஆறு நாள் கூலியான 1,914 ரூபாய்க்கு அது நாளொன்றுக்கு ஒரு ரூபாய்கூட வராது. வட்டிக்கு வாங்கிய குடும்பத்துக்கு இது எந்த மூலைக்கு?

ஓர் அம்மைக்கு அதற்கு முந்தைய கூலியும் வரவில்லை என்று தேடினோம். 2024 முதல் கூலி ஆதார் வழியாகத்தான் போகிறது. கடைசியாக ஆதாரை இணைத்த கணக்கில் விழும். கேஸ் மானியத்துக்கு என்று எப்போதோ திறந்து மறந்துபோன ஒரு வங்கிக் கணக்கில் பணம் முழுவதும் கிடந்தது. பாஸ்புக்கைப் பதிந்து பார்த்ததும் அவர் அழுதுவிட்டார்.

இனி எல்லைப் பிரச்சினை. நம் சங்கத்தில் சாலைக்கு இந்தப் பக்கம் ஊராட்சி, அந்தப் பக்கம் பேரூராட்சி. ஒரே ரப்பர், ஒரே மரச்சீனி (மரவள்ளி), ஒரே வறுமை. அந்தப் பக்கத்து வீட்டுக்கு வேலை அட்டை கிடையாது, ஏனென்றால் சட்டம் ஊரகத்துக்கு மட்டும். 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் நூற்றுக்கு 82 பேர் 'நகர்ப்புறத்தில்' வாழ்கிறார்கள். மாவட்டம் முழுவதற்கும் 95 ஊராட்சிகளே. களியக்காவிளை தாண்டி கேரளத்தின் நெய்யாற்றின்கரைக்குப் போனால், நகராட்சிக்காரர்களுக்கும் அய்யன்காளி பெயரில் 2010 முதல் நூறு நாள் திட்டம் இருக்கிறது. நம் அரசும் 2021இல் நகர்ப்புறத்துக்கு ஒரு திட்டம் அறிவித்தது. நம் பேரூராட்சிப் பக்கத்து உறுப்பினர்கள் அதில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் அறிவிப்பு 2025 ஜனவரியில் வந்தபோது பல ஊர்களில் மக்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பது நமக்கு நன்றாகத் தெரியும்.

2025 ஜனவரியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிறார். தட்டிக் கேட்க வார்டு உறுப்பினரும் இல்லாததால் மே 1 கிராம சபையை நாம் விடக் கூடாது. நிர்வாகக் குழு மூன்று தீர்மானங்களை எழுதி வைத்திருக்கிறது: பாக்கிக் கூலியும் இழப்பீடும் ஆள் வாரியாகப் பட்டியலிட்டு ஒட்டப்பட வேண்டும், மழைக்காலத்தில் அன்றன்றே அளக்க வேண்டும், மனு வாங்கும் இடத்திலேயே சீட்டு தர வேண்டும். 2025 ஏப்ரல் முதல் கூலி 336 ரூபாய் ஆனது. வேலை அட்டையையும் பாஸ்புக்கையும் ஞாயிற்றுக்கிழமை மாலை படிப்பகத்துக்குக் கொண்டு வாருங்கள். மனு எழுத மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். பேரூராட்சிப் பக்கத்து உறுப்பினர்களின் மனுவையும் தனியாக எழுதி மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க இந்தப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்