முதல் நாள் உளைவும் இன்டர்பெரோனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் தங்கள் சுகாதாரப் பக்கத்தில் வந்த நிர்ப்பீடன (நோயெதிர்ப்பு) கட்டுரை, கிருமியை மடக்க உடல் ஆக்கும் புரதமான பிறபொருளெதிரியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிட்டது. புதிய வைரஸ் ஒன்றுக்குப் பிறபொருளெதிரி போதியளவு உருவாக ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும். அதுவரை காவல் யார்? உயர்தர வகுப்பில் நெடுங்காலம் உயிரியல் படிப்பித்தவன் என்பதால் கேட்கிறேன்.

1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜீன் லிண்டன்மனும் வெப்பத்தால் செயலிழந்த இன்புளுவென்சா வைரஸைக் கோழி முளையத்தின் மென்சவ்வுத் துண்டுகளோடு வைத்தார்கள். அந்தக் கலங்கள் வெளிவிட்ட ஏதோவொன்று, வேறு சவ்வுகளிலும் உயிர்ப்புள்ள வைரஸைப் பெருகவிடவில்லை. அதுதான் இன்டர்பெரோன்.

அது வைரஸைத் தொடுவதேயில்லை. அயற்கலங்களுக்குச் சேதி மட்டும் சொல்கிறது. இரத்தத்தில் மிக அரிதாக உள்ள ஒருவகை நிர்ப்பீடனக் கலம் அந்தச் சேதியைப் பெருமளவில் பரப்புகிறது. கேட்ட கலங்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழிக்கின்றன. அவற்றின் புரதங்களே சண்டைக்காரர். ஐபிட்டம் 3 என்பது வைரஸ் கலத்தினுள் புகும் வழியை அடைக்கிறது. பி.கே.ஆர். புரத உற்பத்தியையே நிறுத்திவிடுகிறது: அழையா விருந்தாளிக்குச் சோறு கிடைக்கக்கூடாதென்று வீட்டுக்காரியே அடுப்பை அணைப்பதுபோல. மரபுச் செய்தியைக் காவும் ஆர்.என்.ஏ.யை நறுக்க ஒரு நொதியமும் உண்டு. எனக்குப் பிடித்தது டெதரின். வெளியேறப் பார்க்கும் வைரஸைக் கலத்தின் மேற்பரப்பிலேயே, கட்டையில் மாடு கட்டுவதுபோல, கட்டிப்போடும்.

முதல் நாளில் வரும் காய்ச்சல், கைகால் உளைவுக்கு இன்டர்பெரோனும் ஒரு காரணம். ஈரல் அழற்சிக்கு அதையே ஊசியாக ஏற்றியபோதும் நோயாளர் இதே உளைவைத்தான் முறையிட்டார்கள்.

இதை எழுதத் தூண்டியது கட்டுரை மட்டுமல்ல. போன மாரியில் ஒரு மருந்துக்கடையில் நின்றேன். நேற்றுத் தொடங்கிய பிள்ளையின் காய்ச்சலுக்குத் தகப்பன் அன்ரிபயோட்டிக் கேட்கிறார். கடைக்காரர் சீட்டும் கேளாமல் எண்ணிக் கொடுக்கிறார். பக்டீரியாவைக் கொல்லும் மருந்துக்கு வைரஸிடம் என்ன வேலை?

காய்ச்சலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லவில்லை. டெங்கு வைரஸ் பொல்லாதது: இன்டர்பெரோனின் சேதியைக் கலத்தினுள் காவும் ஸ்டாட் 2 புரதத்தையே அது அழிப்பிக்கிறது. மாரிகாலத்துக் காய்ச்சலென்றால் வைத்தியரிடம் காட்டி, அவர் சொல்லும்போது இரத்தப் பரிசோதனை செய்யத்தான் வேண்டும். டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடிய அஸ்பிரின், ஐபுபுரூபன் இரண்டையும் தொடக்கூடாது.

மழை தொடங்குமுன், விடுபட்ட இந்தப் பாதியையும் வைத்தியர் ஒருவரைக்கொண்டு எழுதுவித்து வெளியிடுவீர்களா? மருந்துக்கடைச் சுவரில் ஒட்டக்கூடிய அளவில் இருந்தால் இன்னும் நல்லது.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.