பிப்ரவரியிலும் அரங்கில் இருப்போம்: இந்தியானா கூடைப்பந்து ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஹூசியர் நண்பர்களுக்கு (இந்தியானாக்காரர்களுக்கு அதுதானே பெயர்), குறிப்பாக என்னோடு நம் பல்கலைக்கழக அரங்கமான அசெம்ப்ளி ஹாலுக்கு வந்து தொண்டை கட்டும்வரை கத்தும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த 2025 நவம்பர் பிறந்ததும் அரங்கம் திறந்துவிடும். டேரியன் டெவ்ரீஸ் பயிற்சியில் நம் இந்தியானா பல்கலைக்கழக அணி ஆடப்போகும் முதல் சீசன் இது. பிறந்தநாள் விருந்தோ, கோயில் வாசலோ, பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் நேரமோ, நம்மில் நாலு பேர் கூடினால் இதே பேச்சுதான். “இந்த வருஷம் ஃபைனல் ஃபோர் போயிடுவோமா?” என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார், தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வருவோமா என்று. நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்கு அன்று சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் 2008 ஆகஸ்டில் மாணவனாக, பல்கலைக்கழகம் இருக்கும் ப்ளூமிங்டனுக்கு வந்தவன். ஊரில் கிரிக்கெட் தவிர வேறு தெரியாது. அந்த ஆண்டு நம் அணி எப்படி இருந்தது என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆள்சேர்ப்புக்காகச் செய்த தொலைபேசி அழைப்புகளில் விதிமீறல் என்று குற்றச்சாட்டு வந்து, அந்த பிப்ரவரியில் பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சன் போய்விட்டார். புதிய பயிற்சியாளர் டாம் க்ரீன் வந்தபோது அணி என்று சொல்ல அநேகமாக யாருமே மிச்சமில்லை. அந்த சீசனில் 6 வெற்றி, 25 தோல்வி. நாம் ஆடும் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் போட்டிகளில் ஒரே ஒரு வெற்றி.

மேல் பால்கனியில் என் பக்கத்து இருக்கைக்கு ஒரு பெரியவர் வருவார். பல ஆண்டுகளாக அதே இருக்கைக்கு சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். மடியில் ஒரு ஸ்கோர் புத்தகம், காதில் செருகிய பென்சில். ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவுக்கும் (ஃபவுலுக்குக் கிடைக்கும் இலவச எறிதல்) ஒரு சின்ன வட்டம் போடுவார், பந்து கூடையில் விழுந்தால் அதை நிரப்புவார். நாம் முப்பது புள்ளி பின்தங்கி இருக்கும்போதும் அந்தப் பென்சில் நிற்காது. யார் யாருக்காக ஸ்கிரீன் போட்டு எதிராளியை மறிக்கிறார்கள், ஏன் அந்தப் பையன் மூலையில் போய் நிற்கிறான் என்பதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஒரு நாள், “இந்தப் பசங்க இன்னைக்கு ஒரு ஆட்டம் தோத்துட்டாங்க, ஆனா ஒரு தடவைகூட ஓடறத நிறுத்தல, பாத்தியா?” என்ற அர்த்தத்தில் ஒன்று சொன்னார். கூடைப்பந்தைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது.

முதல் மூன்று ஆண்டில் 28 வெற்றி, 66 தோல்வி. இருந்தும் அரங்கம் காலியாகவில்லை. நாலாவது ஆண்டு, 2011 டிசம்பர் 10 அன்று, நாட்டின் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த கென்டக்கிக்கு எதிராகக் கடைசி நொடியில் கிறிஸ்டியன் வாட்ஃபோர்ட் எறிந்த மூன்று புள்ளிப் பந்து கூடைக்குள் இறங்கியது. 73–72. எல்லோரும் மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டார்கள். பெரியவர் மட்டும் உட்கார்ந்தபடியே புத்தகத்தில் அந்தக் கடைசி எறிதலைக் குறித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அவர் விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன்.

இப்போது வேறொரு இரவுக்கு வருகிறேன். 2025 ஜனவரி 14. இல்லினாயிடம் நம் சொந்த அரங்கில் 94–69 என்று தோற்றோம். மூன்று நாள் முன்புதான் அயோவாவிடமும் 25 புள்ளியில் தோற்றிருந்தோம். அப்போதைய பயிற்சியாளர் மைக் வுட்சனை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி மாணவர் பகுதியில் தொடங்கிய கோஷம் அரங்கம் முழுக்கப் பரவியது. நானும் இரண்டு தடவை சேர்ந்து கத்தினேன். வுட்சன் இதே மைதானத்தில் 1976 முதல் 1980 வரை நம் பெரும் பயிற்சியாளர் பாப் நைட்டிடம் ஆடியவர், நம் வீட்டுப் பிள்ளை. தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சுக்கு முன் நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தால் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. பென்சில்காரப் பெரியவர் எப்போது எழுந்து போனார் என்று தெரியவில்லை. இத்தனை ஆண்டில் ஆட்டம் முடியும் முன் அவர் போனது அன்று ஒரு நாள்தான். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

வுட்சன் நன்றாகச் செய்தார் என்று வாதாட நான் வரவில்லை. நான்கு ஆண்டில் இரண்டு முறைதான் மார்ச் மேட்னஸ் என்ற தேசியப் பட்டப் போட்டிக்குள் போனோம். உலகமே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே போய்விட்ட காலத்தில், நாம் இரண்டு உயரமான ஆட்களைக் கூடைக்கு அடியில் நிறுத்திவிட்டு முட்டிக்கொண்டிருந்தோம். மாற்றம் வேண்டும் என்று கேட்டது நியாயம்தான். கேட்ட விதம்தான் எனக்கு ஒப்பவில்லை. அதைவிட, இதையே நாம் திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்பதுதான் பெரிய கவலை.

கணக்குப் பாருங்கள். 2000 செப்டம்பரில் நைட் நீக்கப்பட்டார். அதற்குப் பிறகு வந்த பயிற்சியாளர்கள் டேவிஸ், சாம்ப்சன், க்ரீன், மில்லர், வுட்சன். டெவ்ரீஸையும் சேர்த்தால் ஆறு பேர். மைக் டேவிஸ் 2002இல் நம்மை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். மேரிலாண்டிடம் தோற்றோம். அதுதான் நாம் கடைசியாகப் பார்த்த ஃபைனல் ஃபோர். அவரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. க்ரீன் 2013லும் 2016லும் பிக் டென் பட்டத்தை வேறு அணியோடு பகிராமல் வாங்கிக்கொடுத்தார், அடுத்த ஆண்டே வெளியே போனார். ஆர்ச்சி மில்லரை அனுப்ப மட்டும் சுமார் ஒரு கோடி டாலர் செலவானது. ஒவ்வொரு முறையும் மார்ச்சில் மாலை போட்டு வரவேற்போம், சில குளிர்காலம் போனதும் முதுகைத் திருப்பிக்கொள்வோம்.

இதற்குக் காரணம் அரங்கத்தின் கோடியில் தொங்கும் அந்த ஐந்து தேசியப் பட்டக் கொடிகள் என்று நினைக்கிறேன். 1940, 1953, 1976, 1981, 1987. எழுபத்தாறில் 32–0. அதற்குப் பிறகு ஆண்கள் முதல் பிரிவில் எந்த அணியும் தோல்வியே இல்லாமல் பட்டம் வென்றதில்லை. அதை நேரில் பார்த்தவர்களுக்கு அடுத்து வருபவர் எல்லாம் சின்ன ஆளாகத்தான் தெரிவார். பார்க்காத நமக்கோ, கேட்ட கதையில் நைட் இன்னும் பெரிதாகிவிட்டார். 2020 பிப்ரவரியில் ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து அவர் மறுபடி அந்த மைதானத்தில் கால் வைத்தபோது நான் அழுதேன். 2023 நவம்பரில் அவர் மறைந்தபோதும் அப்படித்தான். ஆனால் அந்த நைட்டுக்கே முதல் சீசனில் கிடைத்தது 17 வெற்றி, 8 தோல்விதான். அதை யாரும் கதையில் சொல்வதில்லை.

சொல்ல வாய் கசக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: நம் பரம எதிரி பர்டூ பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்கே பயிற்சியாளராக மேட் பெயின்டர் 2005இல் பொறுப்பேற்ற முதல் சீசனில் 9 வெற்றி, 19 தோல்வி. 2014இல் பிக் டென்னில் கடைசி இடம். 2023இல் மார்ச் மேட்னஸுக்குள் முதல் தரவரிசையில் நுழைந்து, பதினாறாம் தரவரிசையில் இருந்த ஃபேர்லி டிக்கின்சனிடம் தோற்று நாடு முழுக்க மானம் போயிற்று. நாமும் அன்று கைதட்டிச் சிரித்தோம். அப்போதும் அவரை அவர்கள் அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு அவர் இறுதிப் போட்டியில் நின்றார். பத்தொன்பது ஆண்டு ஒரே மனிதர். அந்தப் பத்தொன்பது ஆண்டில் நாம் நான்கு பேரை வழியனுப்பியிருந்தோம்.

சரி, இப்போது நம் அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர் சிக்னெட்டி விஷயம். “ஃபுட்பாலில் ஒரே வருஷத்தில் மாத்திக் காட்டினாரே, கூடைப்பந்தில் ஏன் முடியாது?” என்று எல்லோரும் கேட்கிறோம். கேட்கத்தான் தோன்றும். கர்ட் சிக்னெட்டி வந்த முதல் ஆண்டே 11 வெற்றி. பல்கலைக்கழக வரலாற்றில் அதற்கு முன் ஒரே சீசனில் பத்து வெற்றியே கிடையாது. இந்த அக்டோபரில் ஓரிகனை அவர்கள் ஊருக்கே போய் வீழ்த்திவிட்டு வந்திருக்கிறார்கள். ஆனால் அவர் முன்பு இருந்த ஜேம்ஸ் மாடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து தன்னோடு பதின்மூன்று ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்தார். ஆட்டமுறை தெரிந்தவர்கள் அவர்கள், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடியவர்கள்.

டெவ்ரீஸுக்கு அந்த வசதி இல்லை. போன ஆண்டு உதவித்தொகையில் ஆடிய ஒருவர்கூடத் திரும்பவில்லை. அணியில் பெரும்பாலானவர்களை, பல்கலைக்கழகம் மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் சலித்து எடுத்துக் கோத்திருக்கிறார். அவரிடம் முன்பே ஆடியவர்கள் என்றால் மகன் டக்கர் டெவ்ரீஸும், அவர் முன்பு பயிற்சி தந்த டிரேக் பல்கலைக்கழகத்தில் இருந்த கானர் என்ரைட்டும்தான். சாம் ஹூஸ்டனில் ஒரே சீசனில் நூற்றுக்கும் மேல் மூன்று புள்ளி எறிந்த லமார் வில்கர்சன் வந்திருக்கிறார். டிராயிலிருந்து டேட்டன் கானர்வே, டேவிட்சனிலிருந்து ரீட் பெய்லி. ஒவ்வொருவரும் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் தடுப்பாட்டத்தில் யார் எப்போது உதவிக்கு ஓடிவருவார், யார் அந்த இடத்தை நிரப்புவார் என்பதெல்லாம் சேர்ந்து ஆடி ஆடித்தான் வரும். காசு கொடுத்து வாங்க முடியாத ஒரே சாமான் அது.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று ஆகிவிட்டது. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 2 கோடி டாலருக்குச் சற்று மேல் வரை. “சம்பளம் வாங்கறாங்க இல்ல, திட்டினா என்ன?” என்று ஒரு நண்பர் கேட்டார். ஆட்டத்தை விமர்சிக்கட்டும், நானும் செய்வேன். ஆனால் கையில் பணம் வந்துவிட்டதால் ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்குத் தோல் தடித்துவிடாது.

டெவ்ரீஸைப் பற்றி நான் நம்புவது இது. அயோவாக்காரர். க்ரெய்டன் பல்கலைக்கழகத்தில் இருபது ஆண்டு பயிற்சிக் குழுவில் இருந்துவிட்டுத்தான் 2018இல் டிரேக்கில் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அங்கே ஆறு ஆண்டில் 150 வெற்றி. ஒரு சீசனில்கூட இருபதுக்குக் கீழே இறங்கவில்லை. பெரிய பெயர்கள் வராத ஊரில் இதைச் செய்தார். அப்புறம் வெஸ்ட் வர்ஜீனியாவில் ஓராண்டு. மகன் எட்டே ஆட்டத்தில் தோளில் அடிபட்டு உட்கார்ந்துவிட, மிச்சம் இருந்தவர்களை வைத்து 19–13. விசித்திரம் பாருங்கள், அதே சீசனில் நமக்கும் 19–13. இரண்டு அணியுமே மார்ச் மேட்னஸ் வாசல்வரை வந்து உள்ளே போக முடியாமல் நின்றன.

எனக்குச் சந்தேகம் இல்லாமலும் இல்லை. மார்ச் மேட்னஸில் அறுபத்து நான்கு அணிகள் ஆடும் முதன்மைச் சுற்றில் அவர் தலைமைப் பயிற்சியாளராக இதுவரை ஓர் ஆட்டமும் வென்றதில்லை. பிக் டென்னில் வாரம் இரண்டு முறை மலை மாதிரி ஆட்களோடு மோதும்போது, நம் அணியில் உயரம் போதுமா என்பதும் கவலைதான். பந்து விழாத இரவுகளில் நாம் அசிங்கமாகத் தோற்போம். அப்படிச் சில இரவுகள் நிச்சயம் வரும், இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

அதனால் அந்த நண்பருக்கு என் பதில்: ஃபைனல் ஃபோர் கேட்காதீர்கள், இந்த ஆண்டு வேண்டாம். மார்ச் மேட்னஸுக்குள் போவதைக் கேளுங்கள். அது நியாயமான ஆசை, இந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதுவே குறைந்தபட்சம். அதோடு என் பெரியவர் மாதிரி வேறு சிலதையும் கவனியுங்கள். எறிவதற்கு இடம் இருக்கும்போது பையன்கள் தயங்காமல் எறிகிறார்களா? பந்து கைமாறிக்கொண்டே இருக்கிறதா, ஒரே ஆளிடம் தேங்குகிறதா? ஜனவரியைவிட பிப்ரவரியில் தடுப்பாட்டம் தேறியிருக்கிறதா? எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப் படுவது, சீசன் முடிந்ததும் அடுத்த ஆண்டு ஆடக்கூடியவர்கள் இங்கேயே தங்குகிறார்களா என்பது. இந்தியானா மண்ணிலேயே வளர்ந்த ட்ரென்ட் சிஸ்லி மாதிரி முதலாண்டுப் பையன் மூன்றாம் ஆண்டிலும் நம் சிவப்புச் சட்டையில் இருந்தால், அன்று நான் கொடி கேட்பேன். வாய்விட்டே கேட்பேன்.

டிசம்பரில் கென்டக்கியோடு ஆட்டம் இருக்கிறது. அந்த 2011 இரவுக்குப் பிறகு வழக்கமான சீசனில் நாம் அவர்களோடு மோதுவது இதுதான் முதல் முறை, அதுவும் அவர்கள் ஊரில். தோற்றுவிட்டால் அன்றிரவே ஆரம்பித்துவிடாதீர்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். இந்தியானாவில் டிசம்பரில் ஆளைத் தூக்கில் போட்டுவிட்டு மார்ச்சில் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு.

டிக்கெட் வாங்கியவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பிப்ரவரியில், பனி கொட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, நாம் பதினைந்து புள்ளி பின்தங்கி இருப்போம். நாலு நிமிடம் மிச்சம் இருக்கும். இண்டியானாபொலிஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும், பிள்ளைகளுக்கு மறுநாள் பள்ளி, எல்லாம் தெரியும். அந்த நாலு நிமிடம் மட்டும் எழுந்து போகாதீர்கள். எதிரணி ஃப்ரீ த்ரோ எறியும்போது கத்துங்கள். நம் பையன் தரையில் விழுந்து பந்தைப் பிடித்தால் கைதட்டுங்கள்.

பெரியவர் இந்த ஆண்டும் டிக்கெட்டைப் புதுப்பித்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. முதல் ஆட்டத்தன்று சீக்கிரமே போய்ப் பார்ப்பேன். இந்த முறை என் பையனையும் கூட்டிப்போகிறேன். ஒன்பது வயது, கேள்வி மேல் கேள்வி கேட்பான். அவனுக்கு ஒரு பென்சிலும் கோடு போட்ட நோட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பால்கனி இருக்கையிலிருந்து ஒரு ஹூசியர் ரசிகன்
அக்டோபர் 2025