நிரூபிக்க வேண்டியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலேயர் காலத்து வனச் சட்டங்கள் பற்றிக் கடந்த இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரயில் பாதைக்கு சிலிப்பர் கட்டையும் கப்பலுக்குத் தேக்கும் தேவைப்பட்டதால் காடு பறிபோனது என்கிறது. சரிதான். ஆனால் மரம் போன கதையோடு கட்டுரை நின்றுவிட்டது. பழங்குடிகளை இன்றுவரை முடக்கிப் போட்டிருப்பது அந்தச் சட்டங்களில் இருந்த இன்னொரு ஏற்பாடு என்பேன். எதையும் நிரூபிக்கிற பொறுப்பைக் காட்டில் வாழ்பவர் தலையிலேயே கட்டினார்கள்.

1878 ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டப்படி காப்புக்காடு, அதாவது அரசு தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் காடு, எப்படி உருவானது? அரசு ஓர் இடத்தைக் குறித்து அறிவிப்பு வெளியிடும். அங்கே உரிமை உள்ளவர்கள் கெடுவுக்குள் அதிகாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கெடு மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். அதைத் தவறவிட்டு, தக்க காரணமும் காட்டாவிட்டால் உரிமை அற்றுப்போகும். தேனுக்கும் கிழங்குக்கும் மலை மலையாக அலைகிற, எழுத்தறியாத மக்கள் இதை எங்கே கண்டார்கள்?

இத்தனைக்கும் காடு அரசுடையது என்பதற்குச் சென்னை மாகாண வருவாய் வாரியமே 1871 இல் மறுப்புச் சொன்னது. ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்காத காடு மாகாணத்தில் அநேகமாக இல்லை, தேக்கு, சந்தனம் போன்றவற்றின் மீதான உரிமையைத் தவிர அரசு அண்மைக்காலம் வரை காட்டைத் தன் சொத்தென்று கேட்டதும் இல்லை என்று அது எழுதியது. ஆங்கிலேய அதிகாரிகளே எழுதியது இது! இருந்தும் 1882 இல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. பெயரில் 'தமிழ்நாடு' சேர்ந்ததே தவிர, அந்தச் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அப்புறம் 1927 ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம். அதன் 69 ஆம் பிரிவின்படி, ஒரு வனப்பொருள் அரசுடையதா என்ற கேள்வி வழக்கில் எழுந்தால், இல்லை என்று நிரூபிக்கும்வரை அது அரசுடையதாகவே கருதப்படும். பிடி ஆணை இல்லாமல் கைது செய்யவும், பணம் பெற்றுக்கொண்டு வழக்கை முடிக்கவும் வன அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. இந்த அதிகாரங்கள் சேர்ந்தால் மலை கிராமத்தில் வனக் காவலர் வைத்ததுதான் சட்டம் என்று ஆவதற்கு வேறென்ன வேண்டும்?

தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டையைத் தேடி வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊரையே குற்றவாளியாக நடத்தினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அதற்கு எந்தச் சட்டமும் அனுமதி தரவில்லை. ஆனால் பழங்குடி என்றாலே திருடன் என்ற எண்ணத்தை நூறு ஆண்டுகளாக ஊட்டி வளர்த்தது இந்தச் சட்டங்கள்தான். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் 2011 இல் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றம் 2023 இல்தான் அதை உறுதி செய்தது.

2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே வரலாற்று அநீதியை ஒப்புக்கொள்கிறது. நல்ல சட்டம். ஆனால் பழைய சட்டங்களை எடுக்காமல் அவற்றின் பக்கத்திலேயே இதையும் வைத்தார்கள். மனுப் போட்டு, காட்டில் தன் உரிமையை நிரூபிக்க வேண்டியவர் இங்கேயும் பழங்குடிதான். ஊர்ப் பெரியவரின் வாக்குமூலம், பழைய கிணறு, இடுகாடு, கோயில் எல்லாமே சான்று என்று விதி சொல்கிறது. செயற்கைக்கோள் படம் துணைச் சான்றாக இருக்கலாமே தவிர மற்ற சான்றுகளுக்கு மாற்றாகாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. கொடுமை என்னவென்றால், முன்பு வனத்துறை போட்ட அபராத ரசீதை இன்று தாங்கள் அங்கே இருந்ததற்கு ஆதாரமாக நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ரசீதே தராமல் பணம் வாங்கியிருந்தால் அந்தக் குடும்பம் எதைக் காட்டும்?

நம் மாநிலத்தில் தள்ளுபடியான வன உரிமை மனுக்கள் எந்தக் காரணத்துக்காகத் தள்ளுபடியாயின, அந்தக் காரணம் மனுதாரருக்கு எழுத்தில் தரப்பட்டதா என்று உங்கள் நிருபர்கள் மாவட்ட வாரியாக விசாரித்து எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்