நெல்லு எங்கட, அரிசி ஆற்ற?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் கிளிநொச்சி முரசுமோட்டையில இருந்து எழுதுறன். இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயிற 2 ஏக்கர் வயல், மூண்டு பிள்ளையள், அதுதான் எங்கட சீவியம்.

பணவீக்கம் குறைஞ்சிட்டுது எண்டு ரேடியோவில சொல்ல, பக்கத்து வீட்டு மாமி ஓடிவந்து அப்ப இனிச் சாமான் விலை இறங்குமோ பிள்ளை எண்டு கேட்டா. இல்லை மாமி, ஏறுற வேகம்தான் குறைஞ்சது, ஏறின விலை ஏறின இடத்திலதான் நிக்குது எண்டன், அவவுக்கு முகம் வாடிப்போச்சு. 2022 செப்டெம்பரில கொழும்புக் கணக்குப்படி பணவீக்கம் 69.8 வீதம், சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் பாத்தா 94.9 வீதம், எண்டா அதுக்கு முந்தின வருசம் 100 ரூபாய் குடுத்ததுக்கு 195 ரூபாய். 2024 செப்டெம்பரில அந்த வீதம் சுழியத்துக்குக் கீழயும் போனதுதான், ஆனா எங்கட கடைக்காரற்ற கொப்பியில எங்கட கடன் அப்பிடிக் கீழ போகேல்ல ஐயா.

ஏன் இப்பிடி வந்தது எண்டு சும்மா விதியில பழி போடேலாது. 2019 கடைசியில அரசாங்கம் வற் வரியை, அதுதான் சாமான் வாங்கேக்க விலையோட சேர்த்துக் கட்டுற வரியை, 15 வீதத்தில இருந்து 8க்குக் குறைச்சது, அரசாங்கத்தின்ர வருமானம் விழுந்தது, துண்டு விழுந்த இடத்துக்குக் காசை அச்சடிச்சினம், டொலரும் முடிஞ்சுது, 2022 ஏப்ரல் 12 வெளிநாட்டுக் கடன் கட்டேலாது எண்டு அறிவிச்சாச்சு. 200 ரூபாய்க்கு இருந்த டொலர் ரெண்டு மூண்டு மாசத்தில 360க்குப் போக, வெளியில இருந்து வாற மா, சீனி, பருப்பு, பால்மா எல்லாம் அதோட சேர்ந்து ஏறினது. 2021இல ஒரே நாளில இரசாயன உரத்தை நிப்பாட்டினதை நாங்கள் சாகும்வரைக்கும் மறக்கமாட்டம், பயிர் மஞ்சளாய் நிண்டது இப்பவும் கண்ணுக்க நிக்குது, பிறகு ஒரு அந்தர் (50 கிலோ) யூரியாவை 40 ஆயிரம் குடுத்து வாங்கினனாங்கள். 2021 கடைசியில 121 ரூபாய் டீசல் 2022 யூனில 460. வெட்டு மெசின் டீசல்லதானே ஓடுது? வரியும் குறையேல்ல, 2024 ஜனவரி 1இல இருந்து வற் 18 வீதம், டீசலுக்கும் காஸுக்கும் சேர்த்து. பெரிய சம்பளக்காரரும் கூலிக்குப் போற பொம்பிளையும் ஒரே வரி கட்டினம், இது நியாயமே இல்லை.

ஆனா எனக்கு வயிறெரியிறது அரிசிதான். 2024-25 காலபோகம், அதுதான் மாரிமழையோட விதைக்கிற போகம், வெட்டின அண்டைக்கே லொறி வரம்படியில வந்து நிண்டது, வியாபாரி ஒரு நெல்லை எடுத்துப் பல்லால கடிச்சுப் பாத்திட்டு ஈரம் கூட எண்டார், மூட்டைக்கு 2 கிலோ கழிச்சு கிலோ 105 எண்டார். குடுத்தம். காயப்போடத் தளமில்லை, தார் றோட்டில பரப்பினா வாகனம் ஏறும், மழை வந்தா முளைச்சிடும், மெசின்காரருக்கும் உரக்கடைக்கும் அண்டைக்கே காசு வேணும். அரசாங்கம் 'நாடு' எண்ட வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் எண்டு 2025 பெப்ரவரியில அறிவிக்கேக்க எங்கட நெல்லு எப்பவோ போட்டுது. அப்ப அதே 'நாடு' அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை கிலோ 230. 100 கிலோ நெல்லில 65 கிலோ அரிசி எண்டு பாத்தா ஒரு கிலோ அரிசிக்கு எங்கட கைக்கு வந்தது கிட்டத்தட்ட 160 ரூபாய், மிச்சம் 70 ரூபாய் அளவு இடையில நிக்குது. காயவைக்க நிறை குறையும், ஆலைக்கூலி, லொறிக்கூலி இருக்கு, எல்லாம் விளங்குது. ஆனா அந்த ஆலை இஞ்ச இருந்தா அந்தக் கூலியும் தவிடும் இஞ்சதானே நிக்கும்! எங்கட நெல்லு பெரிய ஆலையள் இருக்கிற பொலன்னறுவைக்குப் போய் ஆரோ ஒருவற்ற பெயர் அடிச்ச பையில திரும்பி வருது, ஆவணி மாசத்தில நான் கடனுக்கு 5 கிலோ வாங்கிறன்.

பால்மா பெரிய பைக்கற் வாங்கி எவ்வளவு காலம். 50 கிராம் பக்கற்தான், அது கணக்குப் பாத்தா இன்னும் விலை கூட, ஆனா கையில இருக்கிறது அவ்வளவுதான். கடைசிப் பிள்ளைக்கு மட்டும் பால்தேத்தண்ணி, மூத்ததுகள் ரெண்டும் எனக்குப் பிளேன்ரீதான் விருப்பம் எண்டு சொல்லுதுகள், அது பொய் எண்டு எனக்குத் தெரியும்.

அதிகாரிமாரிட்ட நான் கேக்கிறது இலவசம் இல்லை. கண்டாவளைப் பக்கம் நெல்லுக் காயவைக்கத் தளங்கள் போட்டுத் தாங்கோ, கூட்டுறவுச் சங்கங்கள் ஆலை நடத்த வட்டி குறைஞ்ச கடன் குடுங்கோ, வாற காலபோகத்துக்கு வெட்டு மெசின் வயலுக்க இறங்க முந்தியே நெல்லு விலையை அறிவிச்சு அரசாங்கக் களஞ்சியக் கதவைத் திறவுங்கோ. தைப்பொங்கலுக்கு முந்தி, ஐயா. பிறகு திறந்து வேலையில்லை.

இப்படிக்கு,
கமக்காரக் குடும்பத்துத் தாய்,
முரசுமோட்டை.