அம்மிணிக்கு, மஞ்சள் பனியன் விஷயமாக

திருப்பூர்

அன்புள்ள அம்மிணி,

வரும் ஐபிஎல் சீசனுக்குச் சேப்பாக்கம் மைதானம் பக்கம் விற்க ஐந்நூறு மஞ்சள் பனியன் போடலாமா என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய மூன்று டிசைனையும் பார்த்தேன். தாராளமாகப் போடலாம் கண்ணு. ஆனால் மூன்றில் இரண்டை இப்போதே அழித்துவிடு. சிங்கத்தலை போட்டது ஒன்று, தோனி முகம் போட்டது இன்னொன்று. கலங்கரை விளக்கமும் கேலரி நிழலும் வாயில் விரல் வைத்து விசிலடிக்கிற கையுமாக நீயே கோட்டில் வரைந்திருக்கிறாயே, அதுதான் சரக்கு.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் பெயரும் சின்னமும் பதிவு செய்யப்பட்டவை. 1999-ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னச் சட்டத்தின் 103, 104 பிரிவுகளில், அவற்றை அனுமதி இல்லாமல் போட்டு விற்பதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் இருக்கிறது. டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வாரண்ட் இல்லாமலே வந்து சரக்கை அள்ளலாம். சரக்கு மட்டுமில்லை, அச்சடித்த ஸ்க்ரீனும், அதாவது மை இறக்குகிற வலைச் சட்டமும், மெஷினும் சேர்ந்தே போகும். ஆகவே இது உன்னோடு நிற்கிற விஷயம் இல்லை, உனக்கு நம்பி அடித்துக் கொடுக்கிற பிரிண்டிங் பட்டறைக்காரரையும் இழுத்துவிடும்.

"இது ரசிகர் தயாரிப்பு, அதிகாரபூர்வமானது அல்ல" என்று போர்டு வைத்துவிடலாம் என எழுதியிருந்தாய். லண்டனில் ஆர்சனல் கால்பந்து மைதானத்துக்கு வெளியே ரீட் என்ற வியாபாரி 1970-லிருந்து கடை போட்டு, இதே மாதிரி போர்டும் வைத்துத்தான் விற்றார். கிளப் வழக்குப் போட்டது. 2002 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கிளப்பின் பக்கம் பேசியது, 2003-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றமும் கிளப்புக்கே தீர்ப்புச் சொன்னது. வாங்குகிறவர் போர்டைப் படித்திருக்கலாம், ஆனால் அந்தப் பனியனை வேறொருவர் கையில் நாளைக்குப் பார்க்கிறவருக்குப் போர்டு தெரியாதே என்பதும் அதில் ஒரு வாதம். அது நம் நாட்டுச் சட்டம் இல்லைதான். ஆனாலும் போர்டை நம்பித் தொழிலில் இறங்காதே.

முகம் வேறு கணக்கு. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமே 2015-இல், பிரபலமானவரின் பெயரையும் சாயலையும் அவர் அனுமதி இல்லாமல் வியாபாரத்துக்கு எடுக்கக் கூடாது என்று ஒரு படத்துக்குத் தடை கொடுத்தது. கார்ட்டூனாக வரைந்தாலும் யார் என்று தெரிந்தால் அது சாயல்தான். பட்டப்பெயரையும் தொடாதே, "கேப்டன் கூல்" என்பதற்கே தோனி சின்னப் பதிவு கேட்டிருக்கிறார். பத்திரிகைப் படத்தை எடுத்துக் கோடாக மாற்றினால், எடுத்த புகைப்படக்காரரின் காப்புரிமையும் கூடவே வந்து நிற்கும்.

மஞ்சள் நிறம் மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் மஞ்சளோடு அதே கோடு, அதே எழுத்து வடிவம், முதுகில் அதே எண் என்று சேரச் சேர ஜெர்சியின் நகலாகிவிடும். முதுகில் எண்ணே வேண்டாம். பனியனில் எந்த வாசகம் போடுவதானாலும், மைதானத்தில் எல்லாரும் கத்துகிறதாகவே இருந்தாலும், வர்த்தகச் சின்னப் பதிவேட்டின் இணையத் தேடலில் 25-ஆம் வகுப்பில் அடித்துப் பார். உடைகளுக்கான வகுப்பு அது, தேடக் காசு இல்லை. ஆன்லைனில் விற்கும்போது தலைப்பிலோ ஹேஷ்டேக்கிலோ அணியின் பெயரைப் போட்டால் அதுவும் சின்னத்தைப் பயன்படுத்தியதாகவே எடுத்துக்கொள்வார்கள். "சென்னை கிரிக்கெட் ரசிகர் பனியன்" என்றாலே தேடுகிறவர்கள் வந்து சேர்வார்கள்.

சரி, துணிக்கு வருகிறேன். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி. வீட்டில் போடுகிற பனியன் வெளுத்தால் துடைக்கிற துணியாகிவிடும். அணிக்காக வாங்கின பனியனை ஒருத்தர் அப்படிப் போடுவதில்லை, மடித்து வைத்து அடுத்த சீசனுக்கு எடுப்பார். அது முதல் சலவையிலேயே சுருங்கிவிட்டால் அவருக்கு மனசு விட்டுப்போகும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

சென்னை ஏப்ரல் வெயிலுக்கு கோம்டு காட்டன் (குட்டை இழையைச் சீவி எடுத்த பஞ்சு நூல்), சிங்கிள் ஜெர்சி (சாதாரண பனியன் பின்னல்), பயோவாஷ் (மேலே நிற்கிற பஞ்சை நீக்குகிற சலவை), 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். இதற்கு 24-ஆம் நம்பர் நூல் சரியாக வரும். அதைவிட மெலிசான 30-ஆம் நம்பரில் ஓட்டினால் 150, 160-தான் இயல்பாக நிற்கும், அதிலேயே 180 காட்டினார்கள் என்றால் சந்தேகப்படு. பாலியெஸ்டர் விலை குறைவு என்று போகாதே. அதன் சாயம் சூட்டில் ஆவியாகி மேலே இருக்கிற அச்சுக்குள் ஏறும், சிவப்புத் துணியில் வெள்ளை எழுத்து ரோஸ் ஆவது அதனால்தான்.

180 என்று பில்லில் எழுதியிருந்தால் போதாது. துணியின் நடுப்பகுதியில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்னத் தராசில் வை. 1.8 கிராம் வந்தால் 180 ஜிஎஸ்எம். 1.6 வந்தால், நீ கொடுத்த காசில் ஒன்பதில் ஒரு பங்கு துணி வரவே இல்லை. ரோலின் தொடக்கம், நடு, ஓரம் என்று மூன்று இடத்தில் பார்.

சுருக்கத்துக்கு ஒரு சோதனை. ஒரு துண்டுத் துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து துவைத்து, நிழலில் காயவைத்து அளந்து பார். இரண்டரை சென்டிமீட்டர் குறைந்தால் 5 சதவீதம், அதற்கு மேல் விடாதே. காம்பாக்டிங், அதாவது துணியை முன்கூட்டியே அழுத்திச் சுருக்குவது, சரியாக இல்லாத துணிதான் நீளத்தில் இப்படிச் சுருங்கும். சதுரம் சாய்சதுரமாகத் திரும்பியிருந்தால் அதுவும் கெடுதல், பனியனின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் சுற்றி வரும். நூல் முறுக்கிலிருந்தே வருகிற குணம் அது, தையல்காரர் எதுவும் செய்ய முடியாது.

அளவு: எம், எல் சராசரிக்கு கிலோவுக்கு நாலு பனியன், கட்டிங் கழிவோடு சேர்த்து. ஐந்நூறுக்கு உடம்புத் துணி 125 கிலோ, கழுத்துப் பட்டிக்கான ரிப் துணி ஐந்தாறு கிலோ. சாயப்பட்டறையில் ஆறேழு சதவீதம் எடை போகும், அதனால் நூல் 140 கிலோ கணக்கு வை. ஸ்பின்னிங் மில்கள் மாத முதல் தேதியில் விலை சொல்வார்கள், அதைப் பார்த்து வாங்கு. ரிப்பையும் உடம்பையும் ஒரே லாட்டில் சாயம் போடச் சொல். மஞ்சளில் ஷேடு வித்தியாசம் டியூப் லைட்டில் தெரியாது, வெயிலில் கழுத்து ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம் என்று பல்லிளிக்கும். இங்கே காதர்பேட்டைச் சந்தையில் ரெடியாகக் கிடைக்கிற மஞ்சளை வாங்குவதானால் எல்லா ரோலையும் வெளியே கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்.

சாயப்பட்டறையிடம் இன்னொன்று சொல்ல வேண்டும், இதைப் புதிதாக வருகிறவர்கள் கேட்பதே இல்லை. துணியை மிருதுவாக்குகிற சாஃப்ட்னர் அளவோடு போடச் சொல். அதிலிருக்கிற சிலிக்கோன் அதிகமானால் துணி வெண்ணெய் மாதிரி வழுக்கும், தடவிப் பார்க்கிறவருக்குப் பிடிக்கும், ஆனால் அச்சு மை பிடிக்காது. நாலாவது சலவையில் உரியும், பழி பிரிண்டர் தலையில் விழும்.

அச்சைப் பற்றி நீ டிடிஎஃப், அதாவது ஃபிலிமில் அச்சடித்துத் துணியில் ஒட்டுவது, என்று எழுதியிருக்கிறாய். இருபது முப்பது பீஸுக்கு அது நல்லது. ஃபிலிமை 150, 160 டிகிரியில் பதினைந்து செகண்ட் அழுத்தினால் முடிந்தது, ஸ்க்ரீன் செலவு கிடையாது. ஆனால் நெஞ்சில் ஒரு பிளாஸ்டிக் தகடு ஒட்டினது மாதிரி இருக்கும். கேலரியில் நாலு மணி நேரம் வேர்த்து உட்காருகிறவருக்கு அது தண்டனை. பிளாஸ்டிக் மையான பிளாஸ்டிசாலும் பெரிய கட்டமாக அடித்தால் அதே கதைதான். உன் டிசைன் கோட்டுச் சித்திரம், ஒரே நிறம், மஞ்சள் மேல் கருநீலம். இதற்குத் தண்ணீர் மையான பிக்மென்ட் பிரிண்ட் போதும். அடியில் வெள்ளை வேண்டியதில்லை, ஒரே ஸ்க்ரீன், கை வைத்தால் துணியாகவே இருக்கும்.

அதில் கெடுவது மூன்று இடத்தில். ஒன்று, மை ஸ்க்ரீனிலேயே காய்ந்து வலைக்கண் அடைத்துக்கொள்வது. டேபிள் பக்கம் ஃபேன் ஓடினால் பத்து நிமிடத்தில் மெல்லிய கோடுகள் காணாமல் போகும். அதனால் எந்தக் கோட்டையும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் வரைந்து கொடு, கேலரிக் கம்பிகளை நீ முடி மாதிரி வரைந்திருக்கிறாய், அதைத் தடிப்பாக்கு. இரண்டு, ஸ்க்ரீனில் பூசுகிற எமல்ஷனில் ஊசித் துளை. ஒவ்வொரு பனியனிலும் ஒரே இடத்தில் ஒரு நீலப் பொட்டு விழும், மஞ்சளில் அது மறையவே மறையாது. முதல் பீஸ் அடித்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஸ்க்ரீனுக்குப் பின்னால் டேப் ஒட்டச் சொல். மூன்று, க்யூரிங், அதாவது மையைச் சூட்டில் பதிய வைப்பது. பிக்மென்டுக்கு 150 டிகிரியில் மூன்று நிமிடமாவது வேண்டும். அவசரத்தில் கன்வேயரை வேகமாக ஓட்டிவிடுவார்கள், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. நனைத்த வெள்ளைத் துணியால் அச்சை இருபது தடவை அழுத்தித் தேய். நீலம் நன்றாக ஏறினால் திரும்பவும் ஓட்டச் சொல்.

கட் பீஸில், அதாவது வெட்டி இன்னும் தைக்காத துண்டில் அடிப்பதா, தைத்து முடித்த பனியனில் அடிப்பதா? பட்டறைக்காரர் கட் பீஸ்தான் கேட்பார். அச்சு தட்டையாக விழும், கெட்டால் முன் துண்டு ஒன்றோடு போகும். ஆனால் பண்டில் நம்பர் கலந்தால் முன்பக்கம் ஒரு ரோல், பின்பக்கம் ஒரு ரோல் என்று ஆகிவிடும், துண்டில் ஒட்டிய நம்பர் ஸ்டிக்கரை எடுக்கவே கூடாது. உனக்கு நான் சொல்வது தைத்த பனியனில். காரணம் அச்சு இல்லை, ஸ்டாக்.

கிரிக்கெட்டை நம்பிச் சரக்குப் போடுகிறவர்களுக்குச் சேப்பாக்கம் சொன்ன பாடம் நிறைய. 2016, 2017 இரண்டு வருடம் அணியே இல்லை. 2018-இல் திரும்பி வந்து, சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம் நடந்ததும் காவிரிப் போராட்டத்தால் மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. 2020-இல் முழுத் தொடரும் எமிரேட்ஸில். அச்சடித்த பனியன் அப்போது பழைய காலண்டர், ஆனால் அச்சடிக்காத மஞ்சள் பனியன் எந்த மாதமும் விலை போகும். அதனால் ஐந்நூறையும் தைத்துவிடு, முதலில் இருநூறு மட்டும் அடி. ஸ்க்ரீனில் இருக்கிற படத்தை அழிக்காமல் பட்டறையிலேயே வைக்கச் சொல், மீதியை வாராவாரம் பார்த்து அடித்துக்கொள். ஒரு பனியன் அடக்கம் 200 ரூபாய், விலை 400 என்று வைத்தால் ஐந்நூறில் 250 விற்றால்தான் போட்ட ஒரு லட்சம் திரும்பும். முதல் இருநூறில் அது வராது என்று தெரிந்தே இறங்கு.

சைஸ் எஸ் 1, எம் 2, எல் 2, எக்ஸ்எல் 1 என்பது கடை விகிதம். மைதானத்துக்கு எஸ்-ஸைக் குறைத்து எக்ஸ்எல்லைக் கூட்டு, சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. தையலில் இரண்டே இடம் பார். ரிப் நீளம் கழுத்துச் சுற்றில் 80, 85 சதவீதம் இருக்க வேண்டும், கூடினால் கழுத்து அலை அடிக்கும், குறைந்தால் தலை நுழையாது. ஓரம் மடக்கித் தைக்கிற ஓவர்லாக் தையலை இரண்டு கையாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடி. வரிசையாகச் சின்ன ஓட்டை தெரிந்தால் நீடில் கட், ஊசி மழுங்கிவிட்டது. இன்றைக்கு ஊசிமுனை அளவு இருப்பது, இரண்டு சலவையில் விரல் நுழைகிற ஓட்டையாகும். லேபிள் உன் பெயரில் போடு, வேறெந்தக் கம்பெனி லேபிளும் ஒட்ட விடாதே.

மைதானத்தை ஒட்டிய வாலாஜா சாலையிலும் பெல்ஸ் சாலையிலும் ஆட்ட நாளில் நிற்க நினைத்தால் மாநகராட்சியின் தெருவியாபாரச் சான்று வேண்டும், அது இருந்தாலும் போலீஸ் ஒதுக்கச் சொன்னால் ஒதுங்கத்தான் வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஹாஸ்டல்களிலும் ஆபீஸ்களிலும் ஆர்டர் எடுத்துக் கொடுப்பது உனக்கு நல்லது. வரி, 2,500 ரூபாய் வரையுள்ள உடைக்கு 5 சதவீதம், 2025 செப்டம்பர் 22-லிருந்து.

மார்ச் கடைசியில் ஆட்டம் தொடங்கும், ஆகவே பிப்ரவரி முதல் வாரத்துக்குள் சாம்பிள் உன் கைக்கு வர வேண்டும். நாலு பீஸ் வாங்கு. மூன்றை ஐந்து தடவை துவை, ஒன்று கையால், ஒன்று மெஷினில், ஒன்றை அலசி நேர் வெயிலில் காயப் போடு. நாலாவதைப் பிரிக்காமல் வை. பிறகு நாலையும் மொட்டை மாடியில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக விரித்துப் படம் எடுத்து அனுப்பு, கழுத்தையும் பக்கத் தையலையும் கிட்டத்தில் எடு. அதைப் பார்த்த பிறகு கட்டிங்குக்குச் சொல்லிவிடலாம். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா